ஹுர்முஸான் கேட்ட தண்ணீர்



பாரசீகத்தின் பெருங்குடியில் பிறந்தவர் ஹுர்முஸான். காதிசிய்யா போரில் ஒரு அணிக்குத் தளபதி. தோற்றபின் முஸ்லிம்களோடு உடன்படிக்கை செய்வார், முறிப்பார். மறுபடி செய்வார், மறுபடியும் முறிப்பார். கடைசியில் துஸ்தர் கோட்டையில் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவரை முற்றுகையிட்டார்கள். கலீஃபா உமர் (ரலி) என்ன தீர்ப்புச் சொன்னாலும் ஏற்கிறேன் என்று சொல்லித்தான் சரணடைந்தார். அந்தச் சண்டையில் அவர் கையால் ஷஹீதானவர்களில் ஒருவர் பராஉ பின் மாலிக் (ரலி). இந்தப் பெயரை மனதில் வையுங்கள்.

பட்டும் கிரீடமுமாக மதீனாவுக்குக் கொண்டுவரப்பட்டவர், மஸ்ஜிதில் மேலாடையைத் தலைக்கு வைத்துத் தனியாகத் தூங்கும் ஒரு மனிதரைக் கண்டார். அவர்தான் கலீஃபா என்றார்கள். காவலர்கள் எங்கே என்று கேட்டார். காவலர்கள் கிடையாது என்றார்கள்.

உமர் (ரலி) எழுந்து, உடன்படிக்கையைத் திரும்பத் திரும்ப முறித்தது ஏன் என்று விசாரித்தார்கள். ஹுர்முஸான் குடிக்கத் தண்ணீர் கேட்டார். பாத்திரத்தைக் கையில் வாங்கியதும் கை நடுங்கியது. குடிக்கும்போதே வெட்டிவிடுவீர்களோ என்று பயப்படுகிறேன் என்றார். அதைக் குடித்து முடிக்கும்வரை உமக்கு ஒன்றும் இல்லை என்றார்கள் உமர் (ரலி). உடனே தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டார்! உமர் (ரலி) என்ன சொன்னார்கள் தெரியுமா? இன்னொரு முறை தண்ணீர் கொடுங்கள், மரணத்தையும் தாகத்தையும் இவர்மீது சேர்த்துப் போடாதீர்கள் என்றார்கள். எனக்குத் தாகமில்லை, பாதுகாப்புத்தான் கேட்டேன் என்றார் ஹுர்முஸான்.

அப்போது, கலீஃபாவே, நீங்கள் அமான் கொடுத்துவிட்டீர்கள், இனி இவரைக் கொல்ல உங்களுக்கு வழியில்லை என்று சாட்சி சொன்னவர் அனஸ் பின் மாலிக் (ரலி). யார் அவர்? துஸ்தரில் கொல்லப்பட்ட பராஉடைய சகோதரர். தம்முடைய சகோதரரைக் கொன்றவனுக்காக அவரே வாய் திறக்கிறார். ஹுர்முஸான் தப்பினார், இஸ்லாத்தை ஏற்றார், ஆண்டுக்கு 2,000 திர்ஹம் உதவித்தொகையோடு மதீனாவிலேயே தங்கினார்.

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். ஹிஜ்ரி 23-ல் உமர் (ரலி) குத்தப்பட்டார்கள். குத்திய அபூலுஃலுஆவோடு ஹுர்முஸான் பேசிக்கொண்டு நின்றதைப் பார்த்ததாக ஒரு பேச்சு. அவனும் பாரசீகன், இவரும் பாரசீகர். அவ்வளவு போதுமாக இருந்தது. உமருடைய மகன் உபைதுல்லாஹ் வாளை எடுத்துப்போய் ஹுர்முஸானை வெட்டிவிட்டார். வெட்டுப்பட்டவர் வாயில் கலிமா இருந்ததாக அறிவிப்பு. கொலைகாரனின் சின்ன மகளையும் விடவில்லை. துக்கம் கண்ணை மறைத்தது என்று நாம் சொல்லலாம். அலீ (ரலி) அதை ஏற்கவில்லை, உயிருக்கு உயிர் என்றார்கள். புதிய கலீஃபா உஸ்மான் (ரலி) இரத்த ஈட்டுத்தொகையைத் தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தார்கள்.

தந்தை வாய்தவறிக் கொடுத்த அமானைக்கூடக் காப்பாற்றினார். மகன் ஒரு சந்தேகத்தில் அதே உயிரை எடுத்தார். சந்தேகங்களில் பலவற்றைத் தவிர்க்கச் சொல்லும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தை நாம் தொழுகையில் ஓதிக் கேட்டிருக்கிறோம்.

பக்கத்து மாவட்டத்தில் நடந்ததை மறந்துவிட்டோமா? 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வம் கும்பிட வந்த 65 வயது அம்மா, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காகப் பிள்ளை பிடிப்பவர் என்று அடித்தே கொல்லப்பட்டார். வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திதான் காரணம்.

நம் கள்ளக்குறிச்சியிலும் போர்வை விற்க வரும் வடக்கத்திப் பையன்கள் இருக்கிறார்கள். கல்வராயன் மலையிலிருந்து, வெள்ளிமலைப் பக்கமிருந்து, தேனும் கடுக்காயும் கொண்டுவந்து விற்கும் மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சும் உடையும் நமக்கு வேறு. மதீனாவில் ஹுர்முஸானுக்கும் அப்படித்தான் இருந்தது. இந்த வாரம் யார் யாரையோ பற்றி ஒரு ஆடியோ சுற்றுகிறது, உங்களில் சிலர் எனக்கே அனுப்பினீர்கள். தொழுகை முடிந்து வெளியே போனதும் செருப்பைப் போடுவதற்கு முன் அதை அழித்துவிடுங்கள். யாருக்கு அனுப்பினீர்களோ அவருக்கும் போன் போட்டுச் சொல்லுங்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ்.