நாயைப் பறித்தால் போதுமா?

பக்கத்து வீட்டு வாசலில் ஒரு நாய் வெயிலில் கட்டிக் கிடக்கிறது. ஒரு முழச் சங்கிலி; சட்டியில் தண்ணீர் இல்லை. அது உம்முடைய நாய் அல்ல. பிறர் உடைமையில் தலையிட உமக்கு நியாயம் உண்டா? "அவன் நாய், அவன் இஷ்டம்" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறவர்களே நம்மில் அநேகர்.

சட்டம் அப்படி நகர்ந்துவிடவில்லை. 1953-இல் ராஜ்ய சபையில் ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த மசோதாவே 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழி திறந்தது. அதன் 11-ஆம் பிரிவு நாயைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. எந்நேரமும் கட்டியோ அடைத்தோ வைத்த நாயைப் போதிய அளவு நடமாட விடாத சொந்தக்காரன் குற்றவாளி. மிகக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதும் குற்றம்; சோறும் தண்ணீரும் ஒதுங்க நிழலும் கொடாததும் குற்றம். அடித்தால்தான் கொடுமை என்று எண்ணுகிறவர் இதைக் கவனிப்பாராக.

ஆனால் சுவரேறிக் குதித்து அவிழ்த்துவர நமக்கு அதிகாரமில்லை. கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட போலீஸ் அதிகாரியோ, ராஜ்ய சர்க்கார் அதிகாரம் கொடுத்தவரோதான் பிராணியைக் கைப்பற்றி, மாஜிஸ்திரேட்டிடமோ மிருக வைத்தியரிடமோ கொண்டுபோகலாம். நாம் செய்யக்கூடியது தகவல் சொல்வது. அதையாவது செய்கிறோமா?

சரி, கைப்பற்றியாயிற்று. யார் சோறு போடுவது? மருந்துச் செலவு யாருடையது? 35-ஆம் பிரிவு இதற்கு விடை சொல்கிறது. குணமாகும்வரை சிகிச்சை நிலையத்தில் வைக்கும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். செலவு சொந்தக்காரன் தலையில். கொடாவிட்டால் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கலாம். ஆயினும் அங்கேயே ஒரு விலக்கும் உண்டு: சொந்தக்காரன் ஏழை என்று கண்டு மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. என் மனத்தை மிகவும் தொட்ட வரி இதுதான். தன் பிள்ளைகளுக்கே அரை வயிற்றுக் கஞ்சி ஊற்றுகிறவனையும், மாடி வீட்டுக் காவலுக்கு நாயை வாங்கிப் பட்டினி போடுகிறவனையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது அல்லவா? நாயின் விலா எலும்பு இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரிதான் தெரியும்; குற்றம் ஒரே மாதிரி அல்ல.

தண்டனை விஷயத்தில் மட்டும் சட்டம் கூச்சப்படுகிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. பணக்காரனுக்கு இது ஒரு வேளைக் காப்பிச் செலவு. பிராணியை நிரந்தரமாகப் பறிக்க 29-ஆம் பிரிவு இடங்கொடுக்கிறது. அதற்கும், திரும்பக் கொடுத்தால் மறுபடி கொடுமைக்கு ஆளாகும் என்று சாட்சியத்தால் நிரூபிக்க வேண்டும். இந்த நிதானம் சரியே. கோபத்தில் பறிப்பது எளிது. பறித்த பின் வைத்துக் காப்பது நெடுநாள் வேலை.

குறித்த காலத்துக்குள் சொந்தக்காரன் வந்து அழைத்துப் போகாவிட்டால், பிராணியை விற்றுச் செலவைக் கழித்துக்கொண்டு மீதியை அவனிடமே கொடுக்கவும் சட்டம் வழி செய்கிறது. மாடாயிருந்தால் விலை போகும். சொறி பிடித்த நாட்டு நாயைக் காசு கொடுத்து வாங்குகிறவர் யார்? யாராவது ஒருவர் தம் வீட்டுக்கு அழைத்துப் போனால்தான் உண்டு.