விடுபட்டதை நிரப்பலாமா?

பிறர் சொல்லை எடுத்துச் செல்வோன் எத்தகையவனாக இருத்தல் வேண்டும் என்னும் வினா மிகத் தொன்மையானது. தூதுக்கென்றே ஓர் அதிகாரத்தை வகுத்தார் வள்ளுவர். சொல்லி அனுப்பியவர் ஓரிடத்திலும் கேட்பவர் வேறிடத்திலும் இருக்க, இருவர் நலனும் இடையே நிற்பவனின் நாவில் தங்கியுள்ளது. அத்தூதுவன் வழியில் ஒரு சொல்லை மறந்துவிட்டால் என் செய்வது? "இவ்விடத்தில் ஒரு சொல் நினைவில் இல்லை" என்று ஒப்புக்கொள்வதா? முன்பின் சொற்களைக் கொண்டு ஊகித்துத் தடங்கலின்றிச் சொல்லி முடிப்பதா?

இவ்வினா இன்று இயந்திரத் தூதுவனையும் வந்தடைந்துள்ளது. இணையத்தின் வழியாக நாள்தோறும் பேசப்படும் பேச்சு, வாயிலிருந்து புறப்பட்ட வண்ணமே செவியை அடைவதில்லை. அது சுருக்கப்பட்டுச் சிறு சிறு பொதிகளாகக் கட்டி அனுப்பப்படுகிறது. மறுமுனையில் மீண்டும் குரலாக ஆக்கப்படுகிறது. வழியில் தொலைந்த பொதிக்கு ஈடாக, இயந்திரமே ஓர் ஒலியை ஆக்கி இட்டு நிரப்புகிறது. அங்ஙனம் நிரப்புதல் அறமாகுமா என்பதே ஆராயத்தக்கது.

முதலில் சுருக்கத்தின் இயல்பை அறிதல் வேண்டும். தொலைபேசித் துறையின் எண்முறையில் குரலலை நொடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 8 பிட் எண்ணாகக் குறிக்கப்பட்டது. ஆகவே ஒரு நொடிப் பேச்சுக்கு 64,000 பிட் தேவை. இதனைக் குறைக்க வழி கண்டவர்கள், பேச்சு எவ்வாறு பிறக்கிறது என்பதையே ஆராய்ந்தனர். உந்தியிலிருந்து எழும் காற்று, நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகிறது என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் கூறும். மூச்சொலி ஒன்று, அதற்கு வடிவு தரும் வாயின் நிலை மற்றொன்று. இப்பகுப்பே இக்காலச் சுருக்குமுறைகளுக்கும் அடிப்படையாகும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹோமர் டட்லி என்பார் 1930-ஆம் ஆண்டுகளில், குரலலையை விடுத்து அதன் இயல்புகளை மட்டும் அனுப்பி, மறுமுனையில் குரலை மீண்டும் ஆக்கும் கருவியை அமைத்தார். 1966-இல் ஜப்பானிய அறிஞர்களான இட்டாகுராவும் சைட்டோவும், அதே காலப்பகுதியில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பயின்றவரான பிஷ்ணு அட்டலும், முன்னைய அளவுகளைக் கொண்டு அடுத்த அளவை முன்கணிக்கும் முறையை வளர்த்தனர். 1984-இல் அமெரிக்க அரசு ஏற்ற இவ்வகை முறையொன்றுக்கு நொடிக்கு 2,400 பிட்டே போதுமானதாயிற்று.

இதனால் ஓர் உண்மை புலனாகிறது. மறுமுனையில் கேட்பது, பேசியவரின் வாய்நிலையைப் பற்றிய குறிப்பைக் கொண்டு இயந்திரம் மீட்டும் ஒலி. ஆயினும் அதனைப் பொய் என்று எவரும் கூறார். குறிப்பு பேசியவரிடமிருந்து வந்தது. இயந்திரம் அதற்கு உருக்கொடுத்தது. எழுத்தைக் கண்டு ஒருவர் உரக்கப் படிப்பதற்கு ஒப்பானது அது. இடர்ப்பாடு எழுவது, குறிப்பே வாராதபோதுதான்.

கணினி வலையில் பேச்சைச் செலுத்தும் முயற்சி 1974-இல் தொடங்கியது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், ஆர்ப்பாநெட் என்னும் வலையின் வழியாக, கலிபோர்னியாவிலுள்ள தகவல் அறிவியல் கழகத்துக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்து லிங்கன் ஆய்வுக்கூடத்துக்கும் இடையே குரல் சென்றது. அம்முயற்சியில் முன்னின்ற டேனி கோஹன் ஓர் உண்மையை வற்புறுத்தினார். கடிதத்துக்கும் கணக்குக்கும் முழுமை இன்றியமையாதது. ஒரு பொதி தொலைந்தால், மீண்டும் கேட்டுப் பெற்று, அதுவரை காத்திருக்கலாம். பேச்சு அங்ஙனம் காத்திராது. காலந்தாழ்ந்து வரும் ஒலி, வாராத ஒலியினும் தீது. ஒன்றுக்காகக் காத்திருந்தால் பின்வரும் அனைத்தும் தடைப்படும். இத்தகைய தேவையை முன்னிட்டே, தொலைந்ததை மீட்டுத் தரும் பணி 1978-இல் பொதிகளை வழிநடத்தும் பணியினின்று பிரிக்கப்பட்டது. முழுமையைக் கைவிட்டு உடனடித் தன்மையைத் தேர்ந்தது பேச்சு. அத்தேர்வுக்கு அது செலுத்தும் விலையே இடைவெளி.

இவ்விடைவெளியை என் செய்வது? பொதுவாக ஒரு பொதியில் 20 மில்லிநொடிப் பேச்சு அடங்கும். அதாவது ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு. அது தொலைந்தால் செவியில் ஒரு வெடிப்பு கேட்கும். அதனைத் தவிர்க்க, சற்று முன்னர் வந்த ஒலியையே இயந்திரம் நீட்டித்து ஒலிக்கிறது. 1999-இல் தொலைபேசிக் குரலுக்கென வகுக்கப்பட்ட உலகத் தரமுறை ஒன்று, இவ்வாறு நீட்டிய ஒலியைப் படிப்படியாகத் தாழ்த்தி, 60 மில்லிநொடி கடந்ததும் முற்றாக அடக்கிவிடுகிறது. அதற்குமேல் மௌனமே.

இவ்வெல்லை சிந்தனைக்குரியது. கண்ணிமைக்கும் பொழுதையும் கைந்நொடிக்கும் பொழுதையும் ஒரு மாத்திரைக்கு அளவாக வைத்தனர் தமிழ் இலக்கணத்தார். குற்றெழுத்துக்கு உரியது அவ்வொரு மாத்திரை. 60 மில்லிநொடி கண்ணிமைப்பினும் குறுகிய காலம். இயந்திரம் எழுத்தின் ஓரத்தைச் செப்பனிட்டது. ஓர் எழுத்தைத் தானே படைக்க முனையவில்லை. பொறியாளர் செவியின் வசதி கருதி வகுத்த எல்லை, அறத்தின் எல்லைக்கும் அருகில் அமைந்துவிட்டது.

மனிதச் செவியும் இடைவெளியை நிரப்பத்தானே செய்கிறது என்று கேட்கலாம். உண்மையே. 1970-இல் ரிச்சர்டு வாரன் என்னும் உளவியலறிஞர், ஒலிப்பதிவில் ஒரு சொல்லின் ஓர் ஒலியை நீக்கி, அவ்விடத்தில் ஓர் இருமலொலியை வைத்தார். கேட்டோர் நீக்கப்பட்ட ஒலியையும் கேட்டதாகவே உணர்ந்தனர். இருமல் எவ்விடத்தில் நிகழ்ந்தது என்பதைச் சரியாகச் சுட்ட அவர்களால் இயலவில்லை. இருமலுக்கு மாறாக அவ்விடத்தை மௌனமாக விட்டபோதோ, இடைவெளியை எளிதில் கண்டுகொண்டனர். மௌனம் குறையைக் காட்டிக் கொடுக்கும். ஒலியோ குறையை மறைக்கும்.

இங்குதான் அறத்தின் முடிச்சு உள்ளது. இடைவெளியைக் கேட்டவர், "என்ன சொன்னீர்கள்?" என்று மீண்டும் வினவுவார். அவ்வினா பிழையைத் திருத்தும். இடைவெளி நயமாக மறைக்கப்பட்டால் வினா எழாது. வினா எழாவிடின் திருத்தமும் இல்லை. தமிழில் 'வேண்டும்' என்பதற்கும் 'வேண்டாம்' என்பதற்கும் இடையே நிற்பது ஓர் உயிரொலி. 'இரு வேளை' என்பதும் 'ஒரு வேளை' என்பதும் முதலெழுத்தால் மட்டுமே வேறுபடும். முதிய தாய்க்கு மருந்தின் அளவைத் தொலைவிலிருந்து சொல்லும் மகனின் பேச்சில் அவ்வோர் எழுத்து தொலைந்தால், மௌனம் அத்தாயைக் காக்கும். தெளிவாக ஒலிக்கும் ஊகம் அவரைக் கெடுக்கக்கூடும்.

இவ்வச்சம் வீணன்று. பெருந்தொகையான பேச்சைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட கணினிகள் இன்று இடைவெளியை நிரப்புகின்றன. 2020-இல் கூகுள் நிறுவனம் தன் உரையாடற் செயலியில் இத்தகைய முறையைப் புகுத்தியபோது, 120 மில்லிநொடிக்குப் பின் ஒலியை மங்கச் செய்தது. 2024-இல் ஓப்பஸ் என்னும் பொதுச் சுருக்குமுறையின் மென்பொருளிலும் இவ்வகை நிரப்பல் இடம்பெற்றது. எல்லை இருமடங்கானது, ஒலியின் இயல்போ மேலும் மனிதக் குரலைப் போலாயிற்று. ஒருநாள் முழுச் சொல்லையும் பேசியவரின் குரலிலேயே நிரப்ப இயலும் என்ற நிலை வரின், அதனைச் செய்யலாமா என்னும் வினாவுக்கு விடை ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

நிரப்புதல் அனைத்தும் பொய்யெனத் தள்ளுதல் பொருந்தாது. வெடிப்பும் முறிவும் நிறைந்த பேச்சு கேட்போரைச் சோர்வுறச் செய்யும்; முதியோர் பாடு இன்னும் கடினம். பேசுவோர் வாளாவிருக்கையில் மெல்லிய இரைச்சலை எழுப்பும் வழக்கமும் உண்டு. இணைப்பு அறவில்லை என்று கேட்பவருக்கு உணர்த்துவது அது. இணைப்பு உள்ளவரை அது மெய்யே உரைக்கிறது. இணைப்பு அறுந்த பின்னும் அவ்விரைச்சல் தொடருமாயின், அதுவே பொய்யாகிவிடும். ஆகவே ஒலி செயற்கையானதா என்பது அளவுகோலாகாது. கேட்பவர் எதனை நம்பும்படி செய்யப்படுகிறார் என்பதே அளவுகோல்.

ஓசையைச் செப்பனிடத் தூதுவனுக்கு உரிமை உண்டு. சொல்லைப் படைக்க உரிமையில்லை. எழுத்தொன்று தொலைந்த இடத்தில் அவன் வாய் திறவாதிருத்தல் வேண்டும். அன்றேல், "இது என் ஊகம்" என்று கேட்பவர் அறியும்படி ஒரு குறியேனும் காட்டுதல் வேண்டும். கருவியை அமைப்போர் கடமை இது. கேட்போர்க்கும் ஒரு கடமை உண்டு: மருந்தின் அளவு, பணத்தின் தொகை, பயணத்தின் நாள் போன்றவற்றை எத்துணைத் தெளிவாகக் கேட்டாலும் ஒருமுறை திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுதல் நன்று. தெளிவாகக் கேட்ட சொல்லெல்லாம் பேசியவரின் சொல்லே என்று கொள்ளக்கூடிய காலம் கடந்துவிட்டது.