உப்புக்கு வழி உண்டு

‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சோறு போட்டவரை மறக்காதே என்பதுதான் அதன் கருத்து. ஆனால் அந்தப் பழமொழியைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால், நாம் நினைக்க வேண்டியவர் இன்னொருவரும் இருக்கிறார். விடியுமுன் எழுந்து, பாத்தியில் விளைந்த உப்பை வாரிக் கரையேற்றியவர் அவர். அவரை நாம் நினைப்பதில்லை. அவர் எங்கே குடியிருக்கிறார், வேலைக்கு எப்படிப் போய் வருகிறார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் மரக்காணத்தைக் கடக்கும்போது பஸ் ஜன்னல் வழியாக வெள்ளை வெளேரென்று குவிந்திருக்கும் உப்பைப் பார்த்திருப்பார்கள். கண்ணுக்கு அழகான காட்சிதான். ஆனால் பாத்திக்குள் நிற்பவருக்கு அந்த வெண்மையே பகை. வெயில் ஏறினால் உப்பின் பளபளப்பு கண்ணைக் குத்தும். காலில் இருக்கும் சிறு கீறலும் எரியும். அதனால்தான் இருட்டு விலகுமுன்பே வேலை தொடங்கிவிடுகிறது. ஐப்பசி மழை வந்தால் பாத்திகள் மூழ்கும். அத்தோடு கூலியும் மூழ்கும். மழைக்காலத்தைத் தாண்ட அரசாங்கம் இப்போது உதவித்தொகை தருகிறது. நல்ல காரியம். ஆனால் பசியைப் போலவே தூரமும் ஒரு துன்பம் என்பதை நாம் இன்னும் சரியாக உணரவில்லை.

மரக்காணத்துக்குப் பாதை புதியதல்ல. சிறுபாணாற்றுப்படை, வறுமையில் வாடும் பாணனுக்கு ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் போக வழி சொல்லும் நூல். அதில் வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணப் பகுதிதான் என்றும், அரசனுடைய கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டிய இடம் என்றும் அறிஞர்கள் கூறுவார்கள். எந்த ஊரில் எந்த மக்கள் இருப்பார்கள், என்ன உணவு கிடைக்கும் என்று பாணனுக்குச் சொல்லி அனுப்புகிறார் புலவர் நத்தத்தனார். ஏழைக்கு வழியும், வழியில் உணவும் உண்டு என்று உறுதி சொல்வதைத் தமிழன் ஓர் இலக்கிய வகையாகவே செய்து வைத்திருந்தான்!

பின்னாளில் பக்கிங்ஹாம் கால்வாய் வந்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், பட்டினி கிடந்தவர்களுக்குக் கூலி கொடுத்து அதன் ஒரு பகுதியை வெட்டுவித்தார்கள். கால்வாயின் தென்கோடி மரக்காணம். இங்கிருந்து உப்பு படகேறிச் சென்னைக்குப் போயிற்று. இன்று படகு இல்லை, லாரி இருக்கிறது. எந்தக் காலத்திலும் உப்புக்கு ஒரு வழி இருந்திருக்கிறது. உப்பை விளைவிக்கும் கைகளுக்குத்தான் வழி தேட வேண்டியிருக்கிறது. பெருஞ்சாலையில் பஸ்கள் பறக்கின்றன. ஆனால் விரைவு பஸ் சின்ன நிறுத்தத்தில் நிற்பதில்லை. சாலையைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் குடியிருப்புக்காரன், முதலில் சாலைவரை வந்து சேர வேண்டும்.

இங்கேதான் கணக்குத் தெரிந்தவர்கள் குறுக்கிடுகிறார்கள். “நாலு பேருக்காக ஒரு பஸ்ஸா? டீசல் செலவுக்குக் கூடக் கட்டுப்படியாகாதே!” என்கிறார்கள். இதை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. பொதுப்பணம் ஊற்றல்ல, இறைத்தபடி இருக்க. நகரத்தில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போகிறவனும் நம் பிள்ளைதான். ஒரு பஸ்ஸை இங்கே அனுப்பினால் அங்கே ஒன்று குறையும்.

ஆனால் ஏறியவர்களை எண்ணுவது மட்டும்தானா கணக்கு? பஸ் வராததால் எதை இழந்தார்கள் என்பதையும் எண்ண வேண்டாமா? நகரத்தில் ஒரு பஸ் தவறினால் அரைமணி போகும். ஒதுக்குப்புறத்தில் ஒரே பஸ் தவறினால் ஒருநாள் கூலி போகும். பள்ளிக்கூடத்து மேல்வகுப்புக்குப் போக வேண்டிய பெண், பாதை இருட்டிவிடுகிறது என்பதற்காக வீட்டோடு நிறுத்தப்படுவாள். பிரசவ வலி கண்டவளுக்கு என்ன போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தலைகளை எண்ணினால் நகரம் ஜெயிக்கும். இழப்பை நிறுத்துப் பார்த்தால் தராசு வேறு பக்கம் சாயும்.

தமிழ்நாட்டில் பஸ்களைப் பொதுவுடைமையாக்கியதன் நியாயமே இதுதான். 1972-ல் சென்னையில் பல்லவன் போக்குவரத்துக் கழகமும், 1975-ல் விழுப்புரத்தில் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகமும் தோன்றின. லாபம் வரும் தடத்தின் வருமானம், லாபம் வராத தடத்தைத் தாங்கும் என்பது அதிலிருந்த நம்பிக்கை. 1997-ல் தனியார் மினி பஸ்கள் வந்தன. 2025-ல் அந்தத் திட்டம் விரிவாக்கப்பட்டது. 2021 முதல் அரசின் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எத்தனையோ உழைக்கும் பெண்களின் முந்தானை முடிச்சில் இதனால் நாலு காசு தங்கியிருக்கிறது. இருந்தாலும், பஸ் வராத ஊரில் இலவச டிக்கெட் வெறும் சொல்தானே?

இன்னொரு யோசனையும் சொல்வார்கள்: “அங்கே ஏன் கிடந்து அவதிப்பட வேண்டும்? ஊருக்குள் வீடு கட்டிக் கொடுத்து அழைத்து வந்துவிடலாமே!” கேட்கக் கருணையாகத்தான் இருக்கிறது. கனடாவின் கீழ்க்கோடியில் உள்ள நியூஃபவுண்ட்லாந்தில் இதைச் செய்தே பார்த்தார்கள். தூரத்துக் கடலோரக் கிராமங்களுக்குச் சாலையும் பள்ளியும் மருத்துவமும் கொடுத்துக் கட்டுப்படியாகாது என்று, 1954 முதல் 1975 வரை சுமார் 300 கிராமங்களிலிருந்து ஏறக்குறைய 30,000 பேரை இடம் பெயர்த்தார்கள். சிலர் தங்கள் மரவீட்டையே கடலில் மிதக்கவிட்டு இழுத்துப் போனார்களாம். ஊராரின் சம்மதத்தை வாங்கிக்கொண்டுதான் இதெல்லாம் நடந்தது. ஆனால் ஆசிரியரும் வைத்தியரும் வராத ஊரில், வேறு வழியற்றவர்களிடம் வாங்குகிற சம்மதம் சம்மதமாகுமா?

நம் கரையிலும் இந்தக் கேள்வி எழுந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் தள்ளிப் போனால் புது வீடு, போக மறுத்தால் புது வீட்டுக்கு உதவி இல்லை என்று 2005-ல் அரசாங்கம் முடிவு செய்தது. உயிருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதில் தவறில்லை. கணவன் மனைவி இருவர் பெயரிலும் வீட்டைக் கொடுத்தது பாராட்ட வேண்டிய செயல். ஆனால் கடலைப் பார்த்துத் தொழில் செய்கிறவனுக்கும், அளத்தை நம்பி வாழ்கிறவனுக்கும் வீடு என்பது நாலு சுவர் மட்டுமல்ல. வேலைக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள தூரமும் வீட்டின் ஒரு பகுதிதான். வீட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பஸ்ஸை மறந்தால் பாதி வீட்டைத்தான் கொடுத்தோம்.

‘நமக்கு உப்புத் தருகிறார்கள், அந்தக் கடனைத் தீர்ப்போம்’ என்பது நல்ல நியாயம். ஆனால் முழு நியாயம் அல்ல. முதுகு வளைந்து இனி அளத்தில் இறங்க முடியாத கிழவி என்ன செய்வாள்? புறம்போக்கில் குடிசை போட்டு, பட்டா இல்லாமல், கிடைத்த வேலையைச் செய்து வாழும் இருளர் குடும்பம் என்ன செய்யும்? பயன்பட்டால்தான் பாதை என்றால், அது வேலைக்காரனுக்கு எஜமான் காட்டும் தயவு. குடும்பத்தில் சம்பாதிக்கும் பிள்ளைக்கு மட்டுமா இலை போடுகிறோம்? பந்தியில் கடைசி இலைக்கும் சோறு போய்ச் சேருகிறதா என்று பார்ப்பவரைத்தான் வீட்டுக்குப் பெரியவர் என்கிறோம். நாட்டுக்கும் அதுவே இலக்கணம்.

கொடுப்பது மட்டும் போதாது. கேட்டுக் கொடுக்க வேண்டும். இருட்டில் வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒன்பது மணி பஸ் எதற்கு? உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைத்துக் கூரையைப் பெயர்த்துவிடும் என்பது அங்கே குடியிருப்பவருக்குத் தெரியும். உள்நாட்டு ஊருக்குப் போட்ட வரைபடத்துக்குத் தெரியாது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, மயிலத்தில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அளங்களும் நீரில் மூழ்கின. எந்த மேட்டில் தண்ணீர் நிற்காது, எந்த வழி கடைசியாக அறுபடும் என்பதை அந்த ஊர்க் கிழவரைவிட நன்றாக யார் சொல்லிவிட முடியும்?

எங்கே வாழ்வது என்று தீர்மானிக்க ஒரு மனிதனுக்கு உரிமை இருக்கிறது என்கிறோம். போகவும் திரும்பி வரவும் வழி இருந்தால்தான் அது உரிமை. வழி இல்லாத இடத்தில் தங்கிக் கிடப்பது சிறை; வழி இல்லாததாலேயே விட்டுப் போவது நாடு கடத்தல். இரண்டுமே வேண்டாம் என்று ஒரு சமுதாயம் எண்ணினால், அதற்காகக் கொஞ்சம் நஷ்டப்பட அது துணிய வேண்டும். அப்படிப் படுகிற நஷ்டத்தை இருட்டோடு புறப்படும் அந்த முதல் பஸ்ஸின் வரவு செலவில் மட்டும் எழுதாமல், நம் எல்லோருடைய பேரிலும் எழுதிக்கொள்வதுதான் முறை.