குணமா, நோயா?

களியக்காவிளையைக் கடந்தால் பாறசாலை, அதற்கப்பால் நெய்யாற்றின்கரை. 1956இல் மாநில எல்லைகள் வரையப்பட்டபோது விளவங்கோடு உள்ளிட்ட தாலுகாக்கள் தமிழகத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இவ்வெல்லைக் கிராமங்களில் ஒரே வீட்டில் தமிழும் மலையாளமும் ஒலிப்பது இன்றும் உண்டு. மனநோய் முற்றினால் உறவினர் நாடும் இடங்களுள் ஒன்று திருவனந்தபுரத்து ஊளம்பாறை. 1870இல் தோன்றிய அம்மருத்துவமனை அமைந்த ஊரின் பெயரே கேரளத்தில் வசைச்சொல்லாகிவிட்டது வருந்தத்தக்கது.

புதிதாகச் சேர்க்கப்படுபவரைப் பற்றி வீட்டார் கூறுவது பெரும்பாலும் ஒன்றே: "நோய் இப்போது வந்தது, குணம் என்றும் இப்படித்தான்." தமிழில் இயல்பும் குணம், நோய் தீர்வதும் குணம். இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று.

இளமையிலேயே வேரூன்றி, உறவுகளைத் தொடர்ந்து சிதைக்கும் மனப்போக்கை மருத்துவம் ஆளுமைக் கோளாறு என்கிறது. மனச்சோர்வு, போதைப் பழக்கம் முதலியவை அதனுடன் சேர்ந்தே வருவதுண்டு. ஒன்றைக் கவனிக்கையில் மற்றொன்று மறைந்துவிடலாகாது என்பதற்காக அமெரிக்க மருத்துவர்கள் 1980இல் இதற்குத் தனி அச்சு வகுத்தனர். 2013இல் அப்பிரிவினையைக் கைவிட்டனர். எல்லைக்கோடு அத்துணை தெளிவானதன்று போலும்!

சேர்ந்த முதல் நாட்களில் ஒருவரது குணத்தை எடைபோடுவது அபாயம். மனவெழுச்சி நோயில் ஆணவமாகத் தோன்றியது, நோய் தணிந்தபின் காணாமற் போகலாம். மனச்சோர்வுற்றவரோ செய்யாத குற்றத்தையும் தம்மேல் ஏற்றிக்கொள்வார்.

சாதகர் வழக்கில் 'வாசனை' என்றொரு சொல் உண்டு. தன்னைத் திருத்திக்கொள்ள உதவும் அச்சொல்லைப் பிறர்மேல் தீர்ப்பாக வீசுவோர் பலர். சமூக, ஒழுக்க நெறிகளுக்கு ஒருவர் ஒத்துவரவில்லை என்பதையே மனநோய்க்கு அடிப்படையாகக் கொள்ளலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் விதிக்கிறது.

அப்படியாயின் அடிபட்ட மனைவிக்கு என்ன பதில்? அனைத்தும் நோயே என்றால் பொறுப்பு எங்கே? இவ்வினா நியாயமானது, அவளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் ஒரு செயலின் காரணத்தை அறிவது அதனை மன்னிப்பதாகாது. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் இளவயதில் மனநல மருத்துவமனையில் துன்புற்றவர். 2011இல் அதனை வெளிப்படையாகக் கூறினார். அவர் வகுத்த சிகிச்சை, ஜென் பயிற்சியைத் தழுவி, உள்ளபடி தன்னை ஏற்கவும் கூடவே மாறவும் கற்பிக்கிறது. ஏற்பின்றி மாற்றம் வேண்டுவது கொடுமை. மாற்றமின்றி ஏற்பது கைவிடல்.

ஆகவே தேர்ந்த மருத்துவர் காத்திருக்கிறார். நோய் தணிந்தபின் தாயை அழைத்து, அவளுக்குப் பழகிய மொழியில், "இதற்கு முன் இவன் எப்படி இருந்தான்?" என்று வினவுகிறார். ஆண்டுக்கணக்கில் எவரும் கேட்காத கேள்வி அது. பதினாறு வயது மகனை நினைவில் தேடி எடுக்க அத்தாய்க்குச் சற்று நேரமாகிறது.