தமக்கெதிரான சாட்சி

சாட்சிகளுள் கடினமானது எது என வினவினால், பகைவனுக்குச் சாதகமாகச் சாட்சி சொல்வதே என்பர் சிலர். உற்றாருக்கு எதிராகச் சாட்சி சொல்வதே என்பர் வேறு சிலர். இவ்விரண்டினும் கடினமானது ஒன்றுண்டு. அது, தமக்கெதிராகத் தாமே சொல்லும் சாட்சி. வழக்கு மன்றத்தைக் காட்டிலும் அறிவின் அவையிலேயே அதற்குத் தேவை மிகுதி. இக்கருத்தைப் பிறர் வாழ்விலிருந்து எடுத்துரைக்குமுன், நம் வாழ்விலிருந்தே தொடங்குவது முறையாகும்.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் மதரஸாவில் அரபு இலக்கணப் பாடம் ஓதிக்கொடுத்துக் கொண்டிருந்தோம். கல்லச்சில் பதித்த பழைய கிதாபு அது. ஒரு வரியைப் படித்துப் பொருள் சொன்னபோது, கடைசி வரிசையிலிருந்த சிறுவன் ஒருவன் எழுந்தான். "உஸ்தாத், இந்த எழுத்துக்கு மேலே ஒரு புள்ளி விடுபட்டிருக்குமோ? அப்படி வைத்தால்தானே முந்திய வரியோடு பொருந்துகிறது?" என்றான். "அச்சில் உள்ளதைப் படி, உட்கார்" என்றோம். பிள்ளைகள் சிரித்தனர். அவன் உட்கார்ந்தான். அந்த ஆண்டு முழுவதும் அவன் வேறொரு வினாவும் எழுப்பவில்லை. பல ஆண்டுகள் கழிந்து, கெய்ரோவில் திருத்தமாக அச்சிடப்பட்ட அந்நூலின் பிரதியொன்று கைக்கு வந்தது. சிறுவன் சொன்ன இடத்தில் அந்தப் புள்ளி இருந்தது.

நாம் தவறாகப் படித்தது சிறு குற்றம்; அச்சுப்பிழை எவரையும் ஏமாற்றும். ஆராயாமல் வாயடைத்ததே பெருங்குற்றம். நம் சொல் பிழையாக இருக்கக்கூடும் என்ற எண்ணத்திற்கே அன்று நம் நெஞ்சில் இடமில்லை.

இத்தனைக்கும் நாம் ஓதி வந்த மரபு அதற்கு நேர் மாறானது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹதீஸ் திறனாய்வாளர் அலீ இப்னுல் மதீனீ அவர்களிடம், அவருடைய தந்தையாரின் அறிவிப்புகள் குறித்து வினவப்பட்டது. வேறெவரிடமேனும் கேளுங்கள் என்று அவர் தட்டிக் கழிக்கப் பார்த்தார். மீண்டும் வற்புறுத்தவே, தலைகுனிந்து, தம் தந்தையார் பலவீனமான அறிவிப்பாளர் என்று சொன்னார். பெற்றவர் மீதிருந்த அன்பு குறைந்ததன்று. உண்மை ஓர் அமானிதம் என்ற உணர்வு மிகுந்தது.

இந்த உணர்வுதான் இக்கால ஆராய்ச்சிக் கூடங்களின் உயிர்நாடி எனலாம். முதலில் மருத்துவத்தைக் காண்போம். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த மருத்துவ மேதை அர்ராஸீ, மூளைக்காய்ச்சலின் முன்குறிகள் தோன்றிய நோயாளர்களுள் ஒரு சாராருக்குக் குருதி வடித்துச் சிகிச்சை செய்தார். மறு சாராரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாது விட்டு ஒப்பிட்டுப் பார்த்தார். குருதி வடித்தல் பயன் தந்தது என்பது அவர் முடிவு. அம்முடிவை இன்றைய மருத்துவம் ஏற்காது. ஆயினும் அவர் கைக்கொண்ட வழி நிலைத்துவிட்டது. முடிவு பிழையாகலாம், பிழையைக் காட்டிக்கொடுக்கும் வழி செம்மையாக இருத்தல் வேண்டும்.

அவ்வழி எத்துணைக் கடுமையானது என்பதை அமெரிக்காவில் 1980களில் நிகழ்ந்த ஆய்வொன்று காட்டும். மாரடைப்பிலிருந்து மீண்டவர்களின் இதயம் இடையிடையே ஒழுங்கு தவறித் துடிப்பதும், அத்தகையோர் திடீரென மரிப்பதும் கண்டறியப்பட்டிருந்தன. துடிப்பை ஒழுங்குபடுத்தும் மருந்துகளும் இருந்தன. துடிப்பு சீரானால் மரணமும் குறையும் என்று மருத்துவர் பலர் உறுதியாக நம்பினர். ஒரு பகுதியினருக்கு வெற்று மாத்திரை கொடுத்துச் சோதிப்பது அறமாகுமா என்று கேட்டவர்களும் இருந்தனர். ஆயினும் சோதனை நடந்தது. 1989இல் அது இடையிலேயே நிறுத்தப்பட்டது. 1991இல் வெளியான கணக்கின்படி, மருந்து உட்கொண்ட 755 பேரில் 63 பேர் இறந்தனர். வெற்று மாத்திரை உட்கொண்ட 743 பேரில் இறந்தவர் 26 பேர். துடிப்பைச் சீராக்கிய மருந்தே உயிரையும் குடித்தது.

அந்தச் சோதனையை அறமன்று எனக் கருதியவர்கள் கருணையால்தான் அவ்வாறு கருதினர். ஆனால், ஆராயப்படாத கருணை கொலையும் செய்யும். சோதனைக்குள் இறந்தவர்களையாவது எண்ண முடிந்தது. அதற்கு முன்னர் நல்லெண்ணத்தோடு அம்மருந்துகள் எழுதிக் கொடுக்கப்பட்டு மாண்டவர்களை எண்ணியவர் யார்?

இனி, பௌதிகம். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாலேயே பார்வை உண்டாகிறது என்ற பழங்கொள்கையை மறுத்தவர். முன்னோர் நூலைக் கற்பவன் அதனை எதிர்த்து வினவ வேண்டும் என்பதோடு அவர் நிற்கவில்லை; வினவும்போது தன்னையும் ஐயுற வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்.

அவருக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பிற்பட்டு, 2011 செப்டம்பரில், பன்னாட்டு அறிஞர் குழுவொன்று உலகைத் திகைக்கவைத்தது. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கு அடியிலுள்ள கூடத்திற்கு, நிலத்தினூடே சுமார் 730 கிலோமீட்டர் தொலைவு, நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் செலுத்தப்பட்டன. ஒரு நொடியை நூறு கோடிக் கூறாக்கினால், ஒளி வந்தடைய வேண்டிய நேரத்திற்கு ஏறத்தாழ 60 கூறுகள் முன்னதாகவே அவை வந்துவிட்டதாகக் கருவிகள் காட்டின. ஒளியை முந்தும் பொருளில்லை என்பது ஐன்ஸ்டீன் வகுத்த கொள்கையின் அடிப்படை. குழுவினர் பல மாதங்கள் தம் கணக்கைத் தாமே துருவிப் பார்த்தனர், பிழை புலப்படவில்லை. பின்னர், கண்டதை வெளியிட்டு, குறை காணுமாறு உலகத்தாரையே வேண்டினர். 2012இல் குறை வெளிப்பட்டது. ஒளியிழைக் கம்பியொன்று சரியாகப் பொருத்தப்படாமல் தளர்ந்திருந்தது. கடிகாரமொன்றிலும் பிழை இருந்தது. அதே மலையடியில் வேறொரு குழு அளந்தபோது, துகள்கள் ஒளியை முந்தவில்லை. முதற்குழுவின் தலைவர்கள் பதவி துறந்தனர்.

ஒரு கம்பியின் தளர்ச்சிதானே என்று நகைத்தோர் உண்டு. நாம் நகைக்க மாட்டோம். நமக்கு ஒரு புள்ளி தவறியது. அதனை ஒரு சிறுவன் காட்டியும் நாம் காண மறுத்தோம். அவர்களோ காட்டுமாறு உலகை அழைத்தனர்.

தனி மனிதரைப் போன்றே நகரங்களும் தமக்கெதிராகச் சாட்சி சொல்லக் கடமைப்பட்டவை. 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 பாகை செல்சியசை எட்டியது. வெயிலால் மடிந்தவரை எண்ணுவது எளிதன்று. முதியவர் இதயம் நின்று இறந்தால் இதயநோய் என்றே பதிவாகும். சிறுநீரகம் பழுதுற்று இறந்தவர் பதிவிலும் வெயிலின் பெயர் இராது. எனவே, ஆய்வாளர்கள் அம்மாதத்தின் மரணங்கள் அனைத்தையும் எடுத்து, 2009, 2011 ஆண்டுகளின் அதே மாதத்தோடு ஒப்பிட்டனர். 1,344 மரணங்கள் மிகுதியாக இருந்தன. பதிவேட்டின் மௌனத்தில் ஒளிந்துகொள்ள நகராட்சி விரும்பியிருந்தால், அந்த எண்ணிக்கை எவர் கண்ணிலும் பட்டிராது. ஒப்புக்கொண்டதனாலேயே 2013இல் வெப்பத்தை எதிர்கொள்ளும் திட்டம் பிறந்தது: முன்கூட்டியே எச்சரிக்கை, மருத்துவப் பணியாளர்க்குப் பயிற்சி, குடிநீர் வசதி, பின்னர் ஏழையர் கூரைகளுக்கு வெண்பூச்சு. தெற்காசியாவில் இத்தகைய திட்டத்தை முதன்முதலில் வகுத்த நகரம் அதுவே. எண்ணப்படாத மரணத்திற்கு மருந்தில்லை.

"இவ்விஞ்ஞானிகள் இன்று ஒன்று சொல்வர், நாளை வேறொன்று சொல்வர்; இவர்களை எப்படி நம்புவது?" என்று நம் வீடுகளில் கேட்பதுண்டு. நாளை வேறொன்று சொல்லத் துணிவதனாலேயே அவர்கள் நம்பத்தக்கவர்கள் என்பதே நம் விடை. ஒருபோதும் தவறு செய்ததில்லை என்பவனிடம் நோயைக் காட்டவும், பிள்ளையை ஒப்படைக்கவும் நாம் அஞ்ச வேண்டும். தவற்றை மறைக்கும் ஆராய்ச்சியாளரும் இல்லாமலில்லை. அவர்களால் விளையும் கேட்டைக் கண்டுபிடிப்பதும் இதே வழியால்தான்.

எனினும், இதில் நமக்கும் ஒரு பங்குண்டு. தவறினேன் என்று சொன்னவரை நாம் எள்ளி நகையாடினால், அடுத்தவர் வாய் திறப்பாரா? கண்ணாடிக் கிண்ணத்தை உடைத்த பிள்ளை தானே வந்து சொல்லும்போது அடி விழுமாயின், மறுமுறை அது சொல்லாது. துண்டுகளை மறைக்கக் கற்றுக்கொள்ளும். உண்மை பேசும் ஆராய்ச்சிக் கூடமும், உண்மை பேசும் நகரமும், உண்மை பேசும் பிள்ளை வளரும் வீட்டிலிருந்தே தோன்ற வேண்டும்.

அந்தப் பழைய கிதாபு இன்னும் நம்மிடம் இருக்கிறது. விடுபட்ட புள்ளியை மையால் இட்டு, திருத்தியவன் பெயரென அம்மாணவனின் பெயரை ஓரத்தில் எழுதி வைத்துள்ளோம். அந்தப் பாடம் வரும் ஒவ்வோர் ஆண்டும் அக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அவர்கள் சிரிக்கின்றனர். இம்முறை அச்சிரிப்பு நம்மைக் குறித்தது, அது நியாயமானதே.