கிணற்றுப் பங்கு

பாலக்கோட்டில் முப்பது வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். நிலத்தைப் பாகம் பிரிப்பது சுலபம். சர்வே எண், நான்கெல்லை, அளவு எழுதினால் முடிந்தது. கிணறு வந்ததும் பேனா நின்றுவிடும். 'பொதுவில் பாதி' என்று எழுதி, அண்ணனுக்கு ஒரு நாள், தம்பிக்கு ஒரு நாள் தண்ணீர் முறை வைப்போம். தக்காளி காய்க்கும் மாதத்தில் அந்த முறைக்கும் சண்டை வரும்.

பாகம் பிரிந்தபின் உடன்பிறந்தவனுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை என்ன? அம்பானி குடும்பத்தை வைத்து இதை அடிக்கடி யோசிப்பேன்.

அந்தக் குடும்பத்தின் தகப்பன் திருபாய் 2002 ஜூலை 6 அன்று உயில் எழுதாமல் இறந்தார். போஸ்ட் கார்டு செலவைவிடக் குறைவாக ஏழையும் போனில் பேச வேண்டும் என்பது அவர் ஆசை. அந்தத் தொலைபேசித் தொழிலை வளர்த்தவர் மூத்த மகன் முகேஷ். 2003இல் 501 ரூபாய் கட்டி அந்த போனை நானும் வாங்கினேன். 2005 ஜூன் 18 அன்று தாயார் கோகிலாபென், தாம் வழிபடும் ஸ்ரீநாத்ஜியின் அருளை முன்னிட்டு உடன்பாட்டை அறிவித்தார். எண்ணெய்த் தொழில் முகேஷுக்கு, தொலைபேசி தம்பி அனிலுக்கு. திருபாய்க்கு இரண்டு மகள்களும் உண்டு. ஊர் பேசியதெல்லாம் மகன்களைப் பற்றித்தான்.

உயிலில்லாமல் இறந்த இந்துவின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் சமபங்கு என்று 1956இலேயே சட்டம் வந்துவிட்டது. இங்கே அக்கா தங்கைகளைப் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்துக்குத்தான் கூட்டி வருகிறார்கள். கைநாட்டு வைத்து, விரல் மையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, பேசாமல் பஸ் ஏறிப் போவார்கள்.

பங்கு இப்படி என்றால், கடன்? தகப்பன் கடனை மகன் தீர்ப்பது மதக்கடமை என்றது சாஸ்திரம். நீதிமன்றங்களும் ஏற்றிருந்தன. அதே 2005 செப்டம்பரில் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் அதை எடுத்துவிட்டது. பாகம் பிரிந்துபோன சகோதரன் கடனுக்கோ சட்டமும் இல்லை, சாஸ்திரமும் இல்லை.

2016இல் முகேஷின் ஜியோ செல்போன் சேவை வந்தது. ஆழமாக போர் போட்டால் பக்கத்துக் கிணறு வற்றத்தான் செய்யும். ஏற்கெனவே கடனில் இருந்த தம்பியின் செல்போன் சேவை 2017இல் நின்றது. எரிக்சன் நிறுவனத்துக்குத் தம்பியின் நிறுவனம் வைத்த பாக்கியில் 450 கோடி ரூபாய்க்கு மேல் நான்கு வாரத்தில் கட்டாவிட்டால் அனிலுக்கு மூன்று மாதச் சிறை என்றது உச்ச நீதிமன்றம். 2019 மார்ச் 18 அன்று, கெடுவுக்கு முன்பே பணம் போய்ச் சேர்ந்தது. தக்க நேரத்தில் துணைநின்றதற்காக அண்ணனுக்கும் அண்ணிக்கும் அனில் வெளிப்படையாக நன்றி சொன்னார்.

அண்ணன் மனதில் இருந்தது பாசமா, குடும்ப மானமா, அது அவருக்கே தெரியும். எதுவானாலும் அது தர்மம்தான். உறவைச் சொல்லித் தங்கையின் பங்கை எழுதி வாங்குகிறோம். அதே உறவுதான் சட்டம் கேட்காத கடனுக்கும் துணைநிற்க வைக்கிறது.

பாகம் எழுத வருகிறவர்களே, தங்கைகளைக் கையெழுத்து நாளில் கூப்பிடாதீர்கள். வீட்டில் பேச்சு தொடங்கும் நாளிலேயே கூப்பிடுங்கள்.