வாய்ச்சாமர்த்தியத்தை வாடகைக்கு விடலாமா?



எருக்கலம்பிட்டியில் ஒரு சின்னத் தேநீர்க்கடை. என்னுடன் வந்த நண்பர் சிகரெட் ஒன்று கேட்டார். "இஞ்ச அது விக்கிறதில்ல தம்பி" என்றார் கடைக்கார நானா. முன்பு விற்றவர்தான். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். "பேரன் கடையில வந்து நிக்கத் தொடங்கினான் மாஸ்டர். அவன்ட கையால எடுத்துக் குடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரேல்ல" என்றார்.

அந்தப் பதில் ஒரு படத்தை நினைவூட்டியது. 2005இல் ஜேசன் ரைட்மன் இயக்கிய 'தேங்க் யூ ஃபார் ஸ்மோக்கிங்' என்னும் அமெரிக்க நையாண்டிப் படம். (சிறுவருக்கு ஏற்ற படமன்று.) கதாநாயகன் நிக் நெய்லர், புகையிலைக் கம்பனிகளுக்காகப் பேசுவதையே தொழிலாகக் கொண்டவன். தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் புற்றுநோய் கண்ட ஒரு சிறுவனின் பக்கத்தில் அவனை உட்கார்த்துகிறார்கள். நிக் தளரவில்லை. இப்பையன் இறந்தால் எங்களுக்கு ஒரு வாடிக்கையாளர் குறைவார். அவன் வாழவேண்டுமென விரும்புவோர் நாங்களே என்கிறான். சபை அவன் பக்கம் சாய்கிறது. நாமும் சிரித்துவிடுகிறோம். ஏன் இந்தத் தொழில் என்று கேட்டால், வீட்டுக் கடன் கட்டவேண்டுமே என்பது அவன் பதில். அவனுக்கும் ஒரு மகன் உண்டு. தகப்பனின் வித்தையை அருகிருந்து கற்றுக்கொள்கிறான்.

சிகரெட் பெட்டியில் மண்டையோட்டுப் படம் போடவேண்டும் என்று அப்படத்தில் ஒரு செனட்டர் போராடுகிறார். இதை அமெரிக்கக் கதையென்று தள்ளிவிட முடியாது. 2012இல் நமது சுகாதார அமைச்சு, பெட்டியின் 80 வீதத்தில் எச்சரிக்கைப் படம் இருக்கவேண்டும் என விதித்தது. இலங்கைப் புகையிலைக் கம்பனி நீதிமன்றம் சென்றது. 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 50 முதல் 60 வீதம் போதும் என்றது. 2015இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி 80 வீதத்தை மீட்டது. வழக்காடுவது கம்பனியின் உரிமை. அதைக் குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் ஓர் அட்டைப்பெட்டியில் இரண்டு மூன்று விரல் அகல இடத்துக்காக எத்தனை படித்த மூளைகள் எத்தனை இரவு விழித்திருக்கும்! அவர்கள் பொய் சொல்லியிருக்கத் தேவையில்லை. எட்டாம் கற்பனையை மீறாமலே அந்த வேலையைச் செய்யலாம். அங்கேதான் சிக்கல்.

பிறருக்காக வாதாடுவது பாவமா? திருச்சபையே அதற்கு ஆள் வைத்திருந்தது. புனிதர் பட்ட விசாரணையில் 'பிசாசின் வழக்கறிஞர்' என்று வேடிக்கையாக அழைக்கப்பட்ட அதிகாரி எதிர்வாதம் செய்வார். 1587இல் ஏற்பட்டு, 1983 வரை பழைய முறையில் நீடித்த பதவி அது. அவருடைய வாதம் உண்மையைச் சலித்தெடுக்க உதவியது. நிக்கின் வாதமோ உண்மை தெரியாதபடி புழுதி கிளப்புகிறது. புனித தோமஸ் அக்குவினாஸ் இக்கேள்வியை நேராகவே எடுத்தார்: அநீதியான வழக்கென்று அறிந்தே வாதாடுபவன் பாவம் செய்கிறான், அறியாமல் செய்தவனுக்கு மன்னிப்புண்டு. ஆலோசனையாலோ உதவியாலோ தீமைக்குக் கை கொடுப்பவனும் அதில் பங்காளி என்பது அவர் நியாயம்.

இங்கே என் கதையையும் சொல்லவேண்டும். பல ஆண்டுகள் பாடசாலையில் விவாத அணிக்குப் பயிற்சி கொடுத்தேன். எந்தப் பக்கம் விழுந்தாலும் வெல்லக் கற்பித்தேன். கெட்டிக்காரப் பையன்களைத் தட்டிக்கொடுத்தேன். "நீ பேசியதை நீ நம்புகிறாயா?" என்று ஒருவனிடமும் கேட்டதில்லை. அவர்களில் சிலர் இன்று பெரிய கம்பனிகளில் நல்ல சம்பளத்தில் இருக்கிறார்கள். சந்தித்தால், "எல்லாம் நீங்கள் தந்த வாய் சேர்" என்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனாலும் அந்த வாய் எதற்குப் பேசுகிறது என்று கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. பெற்றோரே, பிள்ளைக்கு வேலை கிடைத்தபோது சம்பளத்தை விசாரித்த நாம், அந்தச் சம்பளம் எதற்குக் கொடுக்கப்படுகிறது என்று விசாரித்தோமா?

"நான் செய்யாவிட்டால் வேறொருவன் செய்வான்" என்பது நிக்கைப் போன்றவர்களின் கடைசிக் கேடயம். உண்மையும்கூட. நானாவிடம் அதையே கேட்டேன். "அது அவன்ட கணக்கு மாஸ்டர்" என்றார். சிகரெட் வாங்க வருகிறவர்கள்தான் தேநீரும் குடிப்பார்களாம். பின்னேர வியாபாரம் குறைந்துவிட்டதாம். அதைச் சொல்லும்போது முகம் சற்று வாடியது.

தேநீருக்குக் காசு கொடுத்தோம். பேரன் மிச்சம் எண்ணித் தந்தான். நண்பர் பக்கத்துக் கடைக்குப் போனார்.